முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்

அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் பதிலக்கா. சட்டமன்ற உறுப்பினர்கள் சமூகநலத் துறையைப் பார்த்து என்ன கேள்வி கேட்டாலும், அதற்கு அமைச்சர் எழுந்து நின்று வாசிக்கிற பதிலை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், மூடினால் மூச்சு முட்டும் என்கிற மாதிரியான ஒரு மேசையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக அதைச் செய்துவந்தாள். அதற்குள் ஏழு அமைச்சர்கள் வந்து போயிருந்தார்கள். ஏழு பேரும் மன்றத்தில் வாசித்தது அவள் எழுதிய வாக்கியங்களைத்தான்.

அந்த எழுத்தில் அவளுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. பதிலில் பொய் இருக்கக் கூடாது. அதே சமயம், கேட்டவருக்கு அடுத்த கேள்வி கேட்கப் பிடி கொடுக்கவும் கூடாது. வழுக்குப் பாறை மாதிரி இருக்க வேண்டும், ஆனால் பார்த்தால் படிக்கட்டு மாதிரித் தெரிய வேண்டும். இதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. வீட்டில்கூட இந்தப் பேச்சு தொற்றிக்கொண்டிருந்தது. "சாப்பாடு ஆச்சா?" என்று கணவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால், "பரிசீலனையில இருக்கு" என்பாள். "அப்ப இன்னும் அடுப்பே பத்த வைக்கல" என்று அவர் புரிந்துகொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்.

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பிள்ளை ஒருத்தன், படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பெரிய குறை ஒன்றும் இல்லாத குடும்பம்.

அந்த வருடம் ஒரு புதன்கிழமை, மன்றச் செயலகத்திலிருந்து கேள்விப் பட்டியல் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வருகிற திங்கட்கிழமைக்கு உரியது. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கமான சமாச்சாரம்தான். குழாயில் தண்ணீர் வராத தெருக்கள், கூரை பறந்துபோன பேருந்து நிறுத்தம், டாக்டர் இல்லாத சுகாதார நிலையம். இவளுடைய துறைக்கு ஒரே கேள்விதான் வந்திருந்தது. முதன்முறையாகத் தேர்வாகி வந்த பெண் உறுப்பினர் ஒருவர் கேட்டது. அதற்கு முன் இருபது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் அவர். கேள்வியும் ஊசி மாதிரிச் சின்னதாக இருந்தது: இந்த நகரத்தில் வீடில்லாத குழந்தைகள் எத்தனை பேர்? அரசுக் காப்பகங்களில் அவர்களுக்கு எத்தனை படுக்கைகள்?

பதிலக்காவுக்கு இது அரை மணி நேர வேலை. போன வருடக் கோப்பை எடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று இருந்தது. படுக்கைகள் நானூறு. பிள்ளைகளைவிடப் படுக்கை அதிகம், அமைச்சர் மார் தட்டிக்கொள்ளலாம். அதையே எழுதப் போனவள், எதற்கோ அதற்கு முந்தின வருடக் கோப்பையும் இழுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்கும் முந்தினது. முந்நூற்றுப் பன்னிரண்டு. தரையில் உட்கார்ந்து, அலமாரியின் அடித்தட்டு வரைக்கும் போனாள். எட்டு வருடமாக அதே எண். தொடக்கக் கோப்பில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன், கல்லூரி மாணவர்கள் சிலர் பாடத்துக்காக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். நகரத்தின் பதினான்கு வார்டுகளில் இரண்டே இரண்டில். அந்த இரண்டில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. பதில் எழுதும்போது 'இரண்டு வார்டுகளில்' என்ற இரண்டு சொல்லை அவளேதான் விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் இருந்தால் 'மீதி பன்னிரண்டில் எத்தனை?' என்று யாராவது எழுந்திருப்பார்கள். விட்டதும் வாக்கியம் நறுக்கென்று நின்றது. அன்றைக்கு மன்றத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போதைய துணைச் செயலாளர் அவளைக் கூப்பிட்டு, "பதில்னா இப்படி இருக்கணும்" என்று பாராட்டியதும் நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போனதும் நினைவுக்கு வந்தது.

கோப்பை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனாள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சார், இந்த எண் எட்டு வருஷத்துக்கு முந்தினது."

"அதுக்கு?"

"அன்னைக்குப் பத்து வயசு இருந்த பிள்ளைக்கு இப்ப பதினெட்டு. பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆயிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோது அவர் செய்கிற காரியம் அது. "போன வருஷம் போட்டதையே போட்டா யாரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாங்க, அக்கா. புதுசா போட்டா, பழசு என்னாச்சும்பாங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

அவளைவிட மூத்தவர்தான் என்றாலும் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. எட்டு வருடமாக அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஆனாலும் அன்றைக்குப் பேனா ஓடவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கையில் கிரீஸ் போக மண்ணெண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"முந்நூறா? எங்க பணிமனையிலேயே இருபது, இருபத்தஞ்சு இருக்குமே."

"என்னது?"

"பிள்ளைங்கதான். ரிப்பேருக்கு நிக்கிற பஸ்ல படுத்துக்கும். காலைல அஞ்சு மணிக்கு வண்டியை எடுக்கணும்னா முதல்ல தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவோம். எல்லாம் இறங்கின பிறகுதான் கிளப்புவோம். புதுசா வர்ற மெக்கானிக்குக்கு நாங்க சொல்ற முதல் பாடமே அதுதான்."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"நீ கேக்கலையேம்மா" என்றார் அவர், கொஞ்சம்கூடக் குத்தல் இல்லாமல். "நான் உங்க ஆபீசுக்குத் தெரியும்னு நினைச்சேன். அது உங்க துறை ஆச்சே."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கணவரோடு அவளும் பணிமனைக்குப் போனாள். வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. எண்ணெய் படிந்த தரையில் ஆறு பேருந்துகள் வரிசையாக நின்றன. கணவர் முதல் பேருந்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருத்தர் முகத்திலும் பதற்றம் இல்லை. தினமும் நடக்கிற காரியம் என்பது அந்தக் கொட்டாவியிலேயே தெரிந்தது. ஒருவன் இருக்கை உறையை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினான். பதிலக்கா எண்ணினாள். இருபத்து மூன்று பேர்.

பதினொரு, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நோட்டையே பார்த்தாள்.

"என்ன எழுதுறீங்க?"

"எத்தனை பேர் இருக்கீங்கன்னு."

"எதுக்கு?"

"மந்திரி சட்டமன்றத்துல சொல்றதுக்கு."

"யார்கிட்ட சொல்லுவாரு?"

"அங்க இருக்கிறவங்ககிட்ட."

அந்தப் பெண் யோசித்தாள். "நாங்க எத்தனை பேருன்னு எங்களுக்கே தெரியுமே. எங்களைக் கேட்டா சொல்லியிருப்போமே."

பத்தொன்பது வருடமாகப் பதில் எழுதுகிறவள் பேச்சை மாற்றுகிற மாதிரிக் கேட்டாள்: "காப்பகத்துல படுக்கை காலியா இருக்கே, அங்க போகலாம்ல?"

"போனோமே. மூணு நாள் இருந்தோம். இவனுக்கு ஏழு வயசு முடிஞ்சிருச்சாம். ஆம்பளைப் பிள்ளைங்க அந்தக் கட்டடம், பொம்பளைப் பிள்ளைங்க இந்தக் கட்டடம்னுட்டாங்க. அந்தக் கட்டடம் ஊருக்கு அந்தப் பக்கம். இவன் ராத்திரி என் சட்டையைப் பிடிச்சாத்தான் தூங்குவான்." தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "அதான் கூட்டிட்டு ஓடி வந்துட்டேன்."

தம்பி, "நான் ஒண்ணும் பிடிக்க மாட்டேன்" என்றான், சட்டையைப் பிடித்துக்கொண்டே.

நானூறு படுக்கைகளில் எப்போதும் நூற்றுச் சொச்சம் காலியாகவே கிடப்பதை அவள் தானே எத்தனையோ பதிலில் எழுதியிருக்கிறாள். 'தேவைக்கு மேல் வசதி உள்ளது' என்று. காலியாக இருப்பதற்குக் காரணம் என்னவென்று கேட்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்றைக்கு அலுவலகம் போய், கைப்பையைக்கூட வைக்காமல் தொலைபேசியை எடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் சம்பாதித்திருந்த சொத்து என்றால் அது தொலைபேசி உறவுகள்தான். துப்புரவு மேற்பார்வையாளர்கள், சுகாதார நிலைய எழுத்தர்கள், சந்தைக் காவலாளிகள், குடிநீர் வாரியத்துக் குழாய் ஆய்வாளர்கள். முக்கால்வாசிப் பேரை அவள் முகம் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு மூட்டுவலி, யார் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது என்பதெல்லாம் தெரியும். ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்டாள். வருகிற புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு, எல்லா வார்டிலும் ஒரே நேரத்தில், தெருவிலும் திண்ணையிலும் நிற்கிற வண்டியிலும் தூங்குகிற பிள்ளைகளை எண்ணிச் சொல்ல முடியுமா? பயமுறுத்தக் கூடாது, எழுப்பக் கூடாது, பேர் கேட்கக் கூடாது. எண்ணினால் போதும்.

"உத்தரவு இருக்கா அக்கா?" என்று கேட்டார் ஒரு துப்புரவு மேற்பார்வையாளர்.

"இல்ல தம்பி. நான் கேக்குறேன், அவ்வளவுதான்."

"எங்க ஆளுங்க தினமும் அவங்களைச் சுத்திதானே கூட்டுறாங்க. எண்ணுறதுல என்ன கஷ்டம்? சொல்லிடறேன்."

புதன்கிழமை மதியத்துக்குள் பதினொரு வார்டுகளிலிருந்து எண் வந்துவிட்டது. மூன்றிலிருந்து வரவில்லை. இரண்டில் மேலதிகாரி தடுத்துவிட்டார். ஒன்றில் ஆள் மறந்துபோய்த் தூங்கிவிட்டார். அதை அவர் மறைக்காமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. மொத்தம் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு.

அன்று சாயங்காலமே பதிலை எழுதினாள். இந்த முறை எந்தச் சொல்லையும் விடவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை வார்டு, எத்தனை வரவில்லை, யார் எண்ணினார்கள் என்று எல்லாம் இருந்தது. வாக்கியம் நீளமாகவும் கோணலாகவும் நின்றது. கூடவே, துணைக்கேள்வி வந்தால் அமைச்சர் பார்த்துச் சொல்வதற்கான குறிப்பையும் இணைத்தாள். பழைய எண் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது, புது எண் எத்தனை, எத்தனை வார்டில், படுக்கைகள் ஏன் காலியாக இருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருந்தன.

பிரிவுத் தலைவர் இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார்.

"இதை அனுப்பினா, எட்டு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க."

"கேட்டா என்னைக் கைகாட்டுங்க சார். முதல் கோப்புல என் கையெழுத்துதான் இருக்கு. நான் மறைக்கப் போறதில்ல."

அவர் சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை கோப்பு திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் அவள் எழுதிய பதில் முழுக்க அடிக்கப்பட்டு, ஓரத்தில் பச்சை மையில் துணைச் செயலாளர் எழுதியிருந்தார்: 'அங்கீகாரம் இல்லாத கணக்கெடுப்பு. முந்தைய பதிலையே பின்பற்றலாம்.' அதற்குப் பின்னால் இருந்த குறிப்புகளில் ஒரு கோடுகூட விழவில்லை. பக்கத்தைப் புரட்டினதற்கான அடையாளமே இல்லை.

அவள் கோப்பைப் பிரிவுத் தலைவர் முன்னால் வைத்து நேராகவே கேட்டாள். "சார், முதல் பக்கத்தை மாத்திடறேன். துணைக்கேள்விக் குறிப்பையும் மாத்தணுமா?"

அவர் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இந்த முறை கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"அதுல ஒண்ணும் அடிக்கலையே" என்றார் கடைசியில். "அடிக்காததை நாம எதுக்கு மாத்தணும்?"

திங்கட்கிழமை மன்றத்தில், அமைச்சர் இருக்கைக்குப் பின்னால் அதிகாரிகளுக்கான வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரிவுத் தலைவர். முன் வரிசையில் துணைச் செயலாளர். தண்ணீர்க் குழாய்க்கு இருபது நிமிடம் போயிற்று. பேருந்து நிறுத்தக் கூரைக்கு ஒரே சிரிப்பு. உறுப்பினர் ஒருவர், "கூரை எங்கள் தொகுதியை விட்டு அடுத்த தொகுதிக்குப் பறந்துவிட்டது, அதை எந்தக் கணக்கில் காட்டுவீர்கள்?" என்று கேட்டார். அதற்கு அடுத்தது இவர்கள் கேள்வி.

அமைச்சர் எழுந்து வாசித்தார். "கணக்கெடுப்பின்படி முந்நூற்றுப் பன்னிரண்டு. படுக்கைகள் நானூறு."

நர்ஸாக இருந்த உறுப்பினர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் ராத்திரி காய்ச்சல் இருந்ததா என்று கேட்கிற தொனிதான். "இந்தக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று அமைச்சர் சொல்ல முடியுமா?"

அமைச்சர் பழக்கதோஷத்தில் அடுத்த தாளைப் புரட்டி, இருந்ததை இருந்தபடியே வாசித்தார். "எட்டு ஆண்டுகளுக்கு முன்பு. பதினான்கு வார்டுகளில் இரண்டில் மட்டும்." வாசித்து முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. தாளை ஒருமுறை பார்த்தார்.

"அப்படியானால் இன்றைக்கு எத்தனை?"

அமைச்சர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். துணைச் செயலாளரின் கழுத்து சிவந்திருந்தது. பதிலக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. அமைச்சர் மறுபடி தாளுக்கு வந்தார். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு என்று வாசித்தார். பதினொரு வார்டுகளில் என்பதையும், மூன்றிலிருந்து விவரம் வரவில்லை என்பதையும் சேர்த்து வாசித்தார். படுக்கைகள் ஏன் காலி என்ற மூன்றாவது கேள்விக்கு, ஏழு வயதுக்கு மேல் அக்காளையும் தம்பியையும் பிரித்து வைக்கும் விதியையும், அதனால் பிள்ளைகள் ஓடிவிடுவதையும் வாசித்தார்.

அவைத் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "அமைச்சர் கையிலிருக்கும் தாளுக்கு நிறைய விவரம் தெரிகிறது."

அவை சிரித்தது. அமைச்சரும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கின பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த விதி எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிறேன்." அவள் எழுதிக் கொடுக்காத வாக்கியம் அது. பத்தொன்பது வருடத்தில் ஒரு அமைச்சர் அவள் தாளை விட்டு வெளியே வந்து பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. முதலில் அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. எட்டு ஆண்டுகளாகத் தவறான எண் கொடுத்தது ஏன், அனுமதியின்றிக் கணக்கெடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் பதில் எழுதினவள் தனக்கென்று எழுதிய ஒரே பதில் அதற்குத்தான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முக்கால் பக்கத்தில் முடித்தாள். 'இரண்டு சொற்களை நானே விட்டேன். அடுத்த கேள்வி வரக் கூடாது என்பதற்காக விட்டேன். அது தவறு.' கணவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கயும் பரிசீலனை இல்லையே" என்றார். பணிப்பதிவேட்டில் கண்டனம் ஒன்று ஏறியது. பிரிவுத் தலைவருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "முப்பத்தாறு வருஷத்துல எனக்குன்னு வந்த முதல் கடிதம்" என்று சொல்லி அன்றைக்குப் பிரிவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். யாருக்கும் ஏன் என்று புரியவில்லை.

விதியை மாற்ற ஐந்து மாதம் ஆயிற்று. சந்தைக்குப் பக்கத்தில் இருந்த காப்பகத்தின் மாடியில், உடன்பிறந்தவர்கள் சேர்ந்து இருப்பதற்காக ஆறு அறைகள் ஒதுக்கினார்கள். ஆறே ஆறுதான்.

ஒருநாள் கணவர் வேலை முடிந்து வந்து, "அந்தப் பொண்ணும் தம்பியும் ஒரு வாரமா பஸ்ல இல்ல" என்றார். மறுநாள் பதிலக்கா காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். காப்பாளர் பேரைக் கேட்டார். அவளுக்குத் தெரியாது. பேர் கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொன்னவள், தானும் கேட்டிருக்கவில்லை.

"பதினொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும். கூட ஒரு தம்பி. எதுக்கும் கேள்வி கேக்கும்."

காப்பாளர் சிரித்துவிட்டார். "அதுவா? வந்த ரெண்டாம் நாளே ரூம் சாவி தன்கிட்டதான் இருக்கணும்னு சண்டை. ஜன்னல் கொக்கி சரியில்லைன்னு தச்சரை நிக்க வச்சுக் கேள்வி கேக்குது. நல்லா இருக்கு. ஆனா மேடம், ஆறு ரூமும் நிறைஞ்சு போச்சு. வாசல்ல இன்னும் ரெண்டு ஜோடி நிக்குது. அதுக்கு என்ன பதில்?"

"எனக்குத் தெரியல" என்றாள் அவள். "எழுதி அனுப்புங்க. நான் மேல வைக்கிறேன்."

அடுத்த வருடம் கணக்கெடுப்புக்கு முறைப்படி உத்தரவே வந்தது. பதினான்கு வார்டிலும் எண்ணினார்கள். ஆயிரத்து எழுநூற்று ஐந்து வந்தது. அதைப் பார்த்துப் புது துணைச் செயலாளர் முகம் சுளித்தார். ஒரு வருட வேலைக்குப் பிறகு எண் ஏறியிருக்கிறதே, குறைந்த மாதிரி எழுத முடியாதா என்றார். விட்டுப்போன மூன்று வார்டுகளும் இந்த முறை சேர்ந்திருப்பதை அவள் பொறுமையாக விளக்கினாள். அது பதிலிலும் அப்படியே போயிற்று. நர்ஸ் உறுப்பினர் அதற்கு நான்கு துணைக்கேள்வி கேட்டார். நான்குக்கும் பதில் இருந்தது. மாடியில் ஆறு அறை பன்னிரண்டாக வேண்டும் என்பது உட்பட. பணிமனையில் மெக்கானிக்குகள் இன்னும் தட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறார்கள். இறங்குகிறவர்கள் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு.

பதிலக்கா அதே மேசையில்தான் இருக்கிறாள். போன வாரம் ஆதரவற்றோர் தங்கும் விடுதிகளின் குடிநீரைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பொறியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருவதாகக் கோப்பில் இருக்கிறது என்று அவர் கடகடவென்று ஒப்பித்தார்.

"நீங்க நேர்ல போய்த் திறந்து பார்த்தீங்களா?"

"அது வந்து... இல்லைங்க மேடம்."

"பரவாயில்ல. வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. போய்த் திறந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எழுதிக்கலாம்" என்றாள் அவள்.